இடுப்பில் ஒரு குட்டி உலக்கை

கையிலிருந்த அட்டையில் பதினேழு, சுவரில் மின்னிய பலகையில் ஒன்பது, நடுவில் ஏழு பேர், ஆளுக்கு எட்டு நிமிடம் என்று வைத்தாலும் ஒரு மணி நேரம் இந்த இரும்பு நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அசைந்தால் இடுப்பில் இருப்பது நழுவிவிடும், நழுவித் தரையில் விழுந்தால் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும் என்று அகோரமூர்த்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இடுப்பில் இருந்தது குட்டி உலக்கை. சமையலறையில் இஞ்சியும் மிளகும் தட்டுகிற இரும்பு உலக்கை, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு, எடை ஒரு கிலோ நானூற்றைம்பது. தராசில் போட்டுப் பார்க்கவில்லை, கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. சர்க்கரை ஆலையின் எடை மேடையில் முப்பத்தொரு வருடம் கரும்பு வண்டிகளை ஏற்றி இறக்கி எடை எழுதியவருக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி. காலையில் தையல்நாயகி அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, உலக்கையைப் பழைய துண்டில் சுற்றி, வேட்டிக்கு மேல் அவர் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட்டுக்குள் செருகி, சட்டையை இழுத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலங்க. லேசா தொப்பை போட்டாப்ல இருக்கு. லட்சணமாத்தான் இருக்கு" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தொண்டை எரியும். சிரிக்காமல் கண்ணை மட்டும் சுருக்கினார். இரண்டு வாரத்துக்கு முன்னால் டாக்டர் சொல்லியிருந்தார், ஐம்பதுக்குக் கீழே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஆகவேண்டும் என்று. நேற்று தெருமுனை மருந்துக்கடை மெஷினில் ஏறிப் பார்த்தபோது நாற்பத்தெட்டு அறுநூறு. நாற்பத்தெட்டு அறுநூறும் ஒன்று நானூற்றைம்பதும் ஐம்பது ஐம்பது. ஐம்பது கிராம் லாபம். அதற்கும் மேலே இருக்கட்டும் என்று இரண்டு தம்ளர் தண்ணீரைக் குடிக்கச் சொன்னாள். சொல்வதற்கு என்ன, சொல்லிவிடலாம்.

ஒரு மடக்குத் தண்ணீரை விழுங்குவதற்குள் மனிதனுக்கு எத்தனை யோசனை. முதலில் வாயில் வாங்க வேண்டும், உதட்டோரப் புண்ணில் படாமல். பிறகு நாக்கின் மேல் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும், அது தண்ணீர்தான் என்று நாக்குக்குப் புரிகிறவரை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டி, இப்போது, இப்போது, என்று இரண்டு முறை ஏமாற்றி, மூன்றாவது முறை விட வேண்டும். விட்டதும் கண்ணாடித் தூளை விழுங்கியதுபோல் ஒரு கோடு காதுவரை போகும். எழுபத்திரண்டு வருடம் விழுங்கியிருக்கிறார், ஒரு நாளாவது விழுங்குகிறோம் என்று தெரிந்து விழுங்கியதுண்டா? சோறு போனதும் தெரியாது, டீ போனதும் தெரியாது, பேசிக்கொண்டே தின்றார், நடந்துகொண்டே தின்றார், ஆலையில் அரவை நாட்களில் ஒரு கையில் பேனாவும் மறு கையில் சோற்று உருண்டையுமாகத் தின்றார். என்ன ஊதாரித்தனம். இப்போது வாயில் எதைப் போட்டாலும் சுண்ணாம்பைக் குழைத்து வைத்ததுபோல் இருக்கிறது, எச்சில் பசையாகி அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, மரத்துப்போகிற மருந்தை வாயில் வைத்துத் துப்பிவிட்டு அந்தப் பத்து நிமிடத்துக்குள் கஞ்சியை உள்ளே தள்ள வேண்டியிருக்கிறது. முப்பத்துமூன்று நாள் கரண்ட் என்றார்கள். கதிர்வீச்சு என்று டாக்டர் சொன்னதை இங்கே வருகிறவர்கள் எல்லாரும் கரண்ட் என்றுதான் சொல்கிறார்கள், அவரும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார். வாரத்துக்கு ஐந்து நாள், தினமும் பத்து நிமிடம், அதற்காகச் சீர்காழிப் பக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டுத் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். இன்றைக்கு இருபத்திரண்டாவது. பாக்கி பதினொன்று. பதினொரு நாளை ஓட்டிவிடலாம், ஐம்பதுக்கு மேலேயே இருந்து ஓட்டிவிடலாம், குழாய் இல்லாமல்.

குழாய் இல்லாமல் என்கிற இடத்தில்தான் மனசு ஒவ்வொரு தடவையும் வந்து இடறுகிறது. குழாய் என்றதும் அவருக்குத் தில்லையத்தான் ஞாபகம்தான். பெரியக்காவின் புருஷன். இவரைப்போலவே தொண்டையில் புற்று. பன்னிரண்டு வருடம் ஆகிறது. மூக்கில் குழாயும் அதன் நுனியில் ஒரு மூடியுமாக நடுக்கூடத்தில் கட்டிலில் கிடந்தார். அன்று யாருக்கோ வளைகாப்பு, கூடத்தில் இலை போட்டிருந்தார்கள். எல்லாரும் அவர் பார்க்கப் பார்க்க அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தான் கையை நீட்டி அகோரத்தின் இலையைக் காட்டினார். மாங்காய்ப் பச்சடி. ஒரு விரலால் தொட்டுத் தன் நாக்கில் வைக்கச் சொன்னார். வைக்கலாமா கூடாதா என்று அகோரமூர்த்தி அக்காவைப் பார்த்தார், அக்கா தலையை ஆட்டிவிட்டாள், வேண்டாம் என்று. அவர் இலையைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தார். இலையைத் திருப்பி வைத்துக்கொண்டாயே, பாவி. பத்து நாளில் அத்தான் போய்விட்டார், வாயால் ஒன்றையும் தொடாமலேயே போய்விட்டார். குழாய் போட்டதனால் போகவில்லை, போகிற நிலைமையில்தான் போட்டார்கள் என்று புத்திக்குத் தெரியும். டாக்டரும் சொல்லத்தான் சொன்னார், உங்களுக்கு வேற ஐயா, புண் ஆறுனதும் எடுத்துடுவோம் என்று. டாக்டர் சொன்னது காதுக்குள் போனது. ஆனால் அத்தானின் விரல் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. குழாய் போட்டால் வாயைச் சாத்தியதாகிவிடும். சாத்தினால் பிறகு யார் திறப்பது. தையல்நாயகியும் அந்த வளைகாப்பில் இருந்தாள், அவள் கண்ணிலும் அந்த விரல் நிற்கிறது, அதனால்தான் உலக்கை.

உலக்கை முதலில் ஜில்லென்று இருந்தது, இப்போது அவர் உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டு இன்னோர் உறுப்புபோல் ஆகிவிட்டது. சும்மா கிடந்ததுதானே. இந்த உலக்கை சும்மா கிடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார். நாற்பத்து நான்கு வருடமாக அந்தச் சத்தத்தில்தான் எழுந்திருக்கிறார். ணங், ணங், ணங், பிறகு உரலின் ஓரத்தில் ஒட்டியதை வழிக்க ஒரு சின்ன உரசல், பிறகு இரண்டு ணங். அதைக் கேட்டே அன்றைய சாப்பாட்டைச் சொல்லிவிடுவார். சத்தம் ஈரமாக இருந்தால் இஞ்சி, பூண்டு. உலர்ந்து துள்ளினால் மிளகு. நிறைய நேரம் நிதானமாக விழுந்தால் கருவாட்டுக் குழம்புக்கு மல்லியும் மிளகாயும் வறுத்து இடிக்கிறாள் என்று அர்த்தம், அன்றைக்கு ஆலையிலிருந்து ஐந்து நிமிடம் முன்னதாகவே சைக்கிளை எடுத்துவிடுவார். மிக்ஸி வாங்கிக் கொடுத்தும் அவள் விடவில்லை. "மிக்ஸி அரைக்குது, இது இடிக்குது. ரெண்டும் ஒண்ணா?" என்பாள். தஞ்சாவூருக்கு வரும்போது ஒரு பாத்திரம் குறைந்தாலும் பரவாயில்லை என்று உரலையும் உலக்கையையும் சாக்கில் கட்டித் தூக்கி வந்தாள். இரண்டாவது வாரம் ஒரு நாள் மிளகாய் வறுத்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் அவர் வாசல்படியிலேயே உட்கார்ந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். அவள் அடுப்பை அணைத்து, சட்டியை அப்படியே கொண்டுபோய்க் குப்பையில் கொட்டிவிட்டு வந்து அவர் முதுகைத் தடவினாள். அன்றோடு தாளிப்பு நின்றது, வறுப்பது நின்றது, இடிப்பது நின்றது. உலக்கை ஜன்னல் கட்டையில் ஏறி உட்கார்ந்தது. காலையில் விழித்தால் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் சத்தமும் பக்கத்து அறைக்காரரின் இருமலும்தான். அந்த ணங் இல்லாத காலையில் எதற்காக எழுந்திருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சாப்பாடு வேண்டாம், அந்தச் சத்தம் வேண்டும். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும். இந்த ஏக்கத்தை எந்த டாக்டரிடம் சொல்வது? பசிக்கிறதா என்று கேட்கிறார்கள், வலி பத்துக்கு எத்தனை என்று கேட்கிறார்கள், இதற்கு எத்தனை என்று யாரும் கேட்பதில்லை.

பலகை பதினொன்றுக்குத் தாவியது. நாமக்கட்டிபோல் வெளுத்துப்போன ஒரு கிழவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். அகோரமூர்த்தி பார்த்தவுடனே மனசுக்குள் எழுதினார், நாற்பத்து மூன்று. பழக்கதோஷம். எதைப் பார்த்தாலும் எடை போடுகிற கண். தன்னை மட்டும் அது எடை போட மறுத்தது, மருந்துக்கடை மெஷின் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. மெஷின் மட்டுமா, முகமூடியும் சொல்லிவிட்டது. காலையில், உலக்கை இடுப்புக்கு ஏறுவதற்கு முன்னால், கரண்ட் வைக்கப் போனபோது நடந்தது அது. முதல் நாள் வெதுவெதுப்பான பிளாஸ்டிக் வலையை அவர் முகத்தில் அழுத்தி, மூக்கு, தாடை, கழுத்து எல்லாவற்றுக்கும் அச்சு எடுத்து ஒரு முகமூடி செய்தார்கள். தினமும் அதை முகத்தில் போட்டு மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள், தலை ஒரு நூல் அசையக்கூடாது. முதல் வாரம் மூச்சு முட்டுகிற இறுக்கம். இன்றைக்குப் பூட்டிய பிறகும் அவரால் தாடையை உள்ளுக்குள் ஆட்ட முடிந்தது. மெஷின் பார்க்கிற தம்பி ஹரிகரன் குனிந்து, வலைக்கும் கன்னத்துக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தான். "என்னய்யா, விரல் போகுது. வெயிட்டு நல்லாத்தானே இருக்குன்னு போன சீட்டுல எழுதியிருக்கு?" என்றான். "லூசா இருந்தா ஆகாதுங்க. கரண்ட்டு விழ வேண்டிய எடத்துல விழாம தள்ளி விழுந்துடும். டாக்டர்ட்ட சொல்றேன், புதுசு செய்யச் சொல்லுவாங்க" என்றான். மேடை தவறாகக் காட்டினால் சீட்டு தவறு, சீட்டு தவறானால் எல்லாம் தவறு. இதை அவர் எத்தனை வண்டிக்காரர்களிடம் கத்தியிருப்பார்.

கையை எடு! அதுதான் அவர் குரல், அந்தக் காலத்தில். வண்டி மேடையில் ஏறி நின்றதும் சன்னல் வழியாகக் கத்துவார், கையை எடு, காலை எடு, மாட்டை அவிழ்த்து அப்பால் கொண்டு போ, மேடையில கரும்பைத் தவிர ஒரு ஈ இருக்கக்கூடாது. வண்டிமேல் சும்மா சாய்ந்து நிற்கிறவனைப் பார்த்தாலும் கத்துவார், அவன் சாய்கிற சாய்ப்பில் எத்தனை கிலோ என்றுகூடச் சொல்லுவார். ஒரு கோடைக்கு முன்னால், மழை பொய்த்துக் கரும்பெல்லாம் வேலிக்குச்சி மாதிரி நின்ற வருடம், மாதிரவேளூர்க்காரர் ஒருவர், பெயர் கலியபெருமாள், வண்டி கொண்டுவந்தார். மேடை காட்டிய எடைக்கும் வண்டியின் உயரத்துக்கும் ஒத்துவரவில்லை. கட்டைப் பிரிக்கச் சொன்னார். நடுவில் மூன்று கல். நாலு வண்டிக்காரர்கள் கூடிவிட்டார்கள். கலியபெருமாள் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. "காசுக்காக வைக்கல ஐயா. எங்க வண்டி எப்பவும் நெறைஞ்சு வர்ற வண்டி. காத்தாடி மாதிரி காலியா வந்து மேடையில நிக்க மனசு ஒப்பல" என்றார். அன்றைக்கு அகோரமூர்த்திக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது. கல்லை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளதை எழுதினார். இன்று, எழுபத்திரண்டு வயதில், இடுப்பில் இரும்போடு உட்கார்ந்திருக்கும்போது அந்த மனிதர் சொன்னது ஒரு எழுத்து மிச்சமில்லாமல் விளங்கியது. காற்றில் போகிற மாதிரி ஆனதை நாலு பேர் பார்க்க மேடையில் ஏற்றிக் காட்ட மனசு ஒப்பவில்லை கலியபெருமாள், நிஜமாகவே ஒப்பவில்லை.

"தண்ணி ஒரு வாய் வேணுமா?" என்றாள் தையல்நாயகி. அவர் வேண்டாம் என்று விரலை ஆட்டினார். பேச்சு குறைந்துபோய் இரண்டு வாரமாகிறது, குரல் கிழிந்த தகரம் மாதிரி வருகிறது, அதனால் முக்கால்வாசியை விரலாலேயே முடித்துக்கொள்கிறார். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அவளே பேசினாள். திருப்பூரிலிருந்து மகள் போன் செய்தால், "அப்பா நல்லா சாப்பிடறாருடி, ஒரு டம்ளர் கஞ்சி முழுசா குடிச்சாரு" என்று கூசாமல் சொல்வாள். எதிர் வரிசையில் காதுப் புற்றுக்கு வந்திருந்த அம்மாளுடன் அரை மணி நேரமாக ஊர், உறவு எல்லாம் பேசி முடித்திருந்தாள். அந்த அம்மாளின் மருமகள் இப்போது பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தாள். புளிசாதம். ஓரத்தில் ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய். அகோரமூர்த்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு வாந்தி வருகிறதா என்று காத்திருந்தார், வரவில்லை, வாசனையே எட்டவில்லை. "நீங்களும் ஒரு வாய் எடுத்துக்கங்கம்மா" என்று அந்த மருமகள் டப்பாவை நீட்டினாள். "அய்யோ வேணாம்மா, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றாள் தையல்நாயகி. சொல்லும்போதே அவள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

அவர் அதைப் பார்த்துவிட்டார். ஒரு மாதமாக விழுங்குவதைத் தவிர வேறொன்றையும் நினைக்காத மனிதரின் கண்ணுக்கு எதிரில் ஒரு தொண்டை விழுங்கினால் தப்புமா. எச்சில் ஊறி, தானாக, அவளைக் கேட்காமல் நடந்த விழுங்கல். இப்பத்தான் சாப்பிட்டாளாம். என்ன சாப்பிட்டாள்? அவர் மிச்சம் வைத்த கஞ்சியை. காலையில் அவர் பாதியில் கையைக் காட்டியதும் அவள் தம்ளரை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியது ஞாபகம் வந்தது. நேற்றும் திரும்பினாள். முந்தாநாளும். உப்பும் உறைப்பும் இல்லாத கஞ்சி. ஊறுகாய் இல்லாமல் மோர்சாதத்தைத் தொடாதவள், பிரசவமான மறுநாளே ஆஸ்பத்திரியில் ஊறுகாய் கேட்டு அவள் அம்மாவிடம் அடி வாங்கியவள். ஊரிலிருந்து கொண்டுவந்த நார்த்தங்காய் ஜாடி அறையில் பெட்டிக்கு அடியில்தான் இருக்கிறது, வாய்க்குத் துணி கட்டி. கட்டிய முடிச்சு கட்டியபடியே இருக்கிறது. தினமும் பெட்டியைத் திறக்கும்போது அந்த முடிச்சைப் பார்க்கிறார், பார்த்தும் பார்க்கவில்லை. இலையைத் திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிட்டவன்தானே நீ. இப்போது இவள் இலையே போடாமல் உட்கார்ந்திருக்கிறாள், அதைக்கூடப் பார்க்கவில்லை. அவர் மெல்லக் கழுத்தைத் திருப்பி, முதல்முறையாகப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார். ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் கழலாது என்று அவள் பீற்றிக்கொள்ளும் கல்யாண வளையல் இரண்டும் முழங்கைவரை ஏறி, கையைத் தாழ்த்தியதும் சரசரவென்று மணிக்கட்டுக்கு இறங்கின. கண் தன்னால் எழுதியது. ஐம்பது. சித்திரையில் சர்க்கரை பார்க்கப் போனபோது ஐம்பத்தெட்டு. எட்டு கிலோ எங்கே போயிற்று தையலு? ஊரெல்லாம் என்னையே நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்திலேயே நீ கரைந்துகொண்டிருந்தாயா. கல்யாணமான புதிதில் ஒரு நாள் ஆலைக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். சாக்கு நிறுக்கிற மேடையில் விளையாட்டாக அவளைக் கேரியரோடு ஏற்றிவிட்டு, "கேரியர் ரெண்டு கிலோ போக நாப்பத்தேழு" என்றார். அவள் முகம் சிவந்து, "நான் என்ன மூட்டையா?" என்று கேரியரை அங்கேயே வைத்துவிட்டு விடுவிடுவென்று போய்விட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை அந்த ணங். அந்தச் சத்தத்தில்தான் கோபம் தீர்ந்தது தெரிந்தது. அந்தக் கை இப்போது ஒன்றையும் இடிக்காமல் மடியில் கிடக்கிறது. அவருக்கு அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் குனிந்தால் உலக்கை நழுவும்.

"பதினேழு! அகோரமூர்த்தி!" என்று சிஸ்டர் லூர்துமேரி வாசலில் நின்று கூப்பிட்டாள். தையல்நாயகி சட்டென்று எழுந்து அவர் அக்குளில் கை கொடுத்தாள். "மெதுவா. வயித்தைப் புடிச்சிக்கிட்டு நடங்க, வலிக்கற மாதிரி" என்று காதோரம் சொன்னாள். டாக்டர் அறைக்கு முன்னால் ஒரு தடுப்பு, தடுப்புக்குள் மேஜை, மேஜைக்குப் பக்கத்தில் சின்னக் கறுப்பு மேடை. என்ன மேடை இது, ஒரு பலகை அளவு. இதன் மேல் ஏற இத்தனை பயமா. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். சிவப்பு எண்கள் ஓடின. ஐம்பது முந்நூறு. ஐம்பத்தொன்று. எப்படி ஐம்பத்தொன்று? தடுமாறாமல் பிடிப்பதுபோல் தையல்நாயகி பின்னாலிருந்து அவர் தோளில் கை வைத்திருந்தாள். வைத்திருக்கவில்லை, அழுத்திக்கொண்டிருந்தாள். அழுத்துகிற அழுத்தில் ஒரு கிலோ. அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து தொண்டைப் புண்ணில் மோதின.

"கையை எடு" என்றார்.

கிழிந்த குரல்தான், ஆனால் முப்பத்தொரு வருடத்துக் குரல். அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். ஐம்பது நூறு என்று வந்து நின்றது. "பரவால்லையே, ஐம்பதுலயே நிக்குதே" என்று சிஸ்டர் பேனாவை எடுத்தாள். "எழுதாதீங்க" என்றார் அகோரமூர்த்தி. சட்டைக்குள் கையை விட்டார். "ஏங்க, வேணாங்க" என்றாள் தையல்நாயகி மிக மெதுவாக. பெல்ட்டிலிருந்து துண்டோடு உலக்கையை உருவி மேஜைமேல் வைத்தார். துண்டில் சுற்றியிருந்தும் ணங் என்றது. சிவப்பு எண் கீழே இறங்கி நாற்பத்தெட்டு அறுநூற்றைம்பதில் நின்றது. காற்றாடி மாதிரி காலியாக மேடையில் நின்றார். நினைத்த அளவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

சிஸ்டர் துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "போன மாசம் ஒரு தாத்தா ரெண்டு பூட்டோட வந்தாரு. உலக்கை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள். பிறகு முகம் மாறி, "இந்த எடையைப் பாத்துத்தான் மருந்து அளவே போடறோம் ஐயா. இப்படிச் செய்யலாமா?" என்றாள். தையல்நாயகி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். "நான்தாம்மா வச்சேன். குழாய் போட்டா அவரு வாய் அடைஞ்சு போயிடுமேன்னு" என்றாள். சிஸ்டர் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்தாள். "யாரும்மா அடைக்கப் போறா? குழாய் போட்டாலும் ஒரு நாளைக்குப் பத்து வாட்டி வாயால தண்ணி விழுங்கச் சொல்லுவோம். விழுங்கலைன்னாதான் தொண்டை மறந்துடும். கரண்ட் முடிஞ்சு, புண்ணும் ஆறட்டும், எப்ப எடுக்கலாம்னு டாக்டர் சொல்லுவாரு. உருவறது ஒரு நிமிஷ வேலை." அகோரமூர்த்தி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இதையேதான் டாக்டரும் இரண்டு வாரத்துக்கு முன்னால் சொன்னார். அன்றைக்கு நடுவில் அத்தானின் விரல் நின்றது. இப்போதும் நிற்கிறது. பயம் போகவில்லை, பயத்தோடுதான் தலையாட்டினார். மேடையிலிருந்து இறங்கி, அதைக் காட்டி, "இவளை ஏத்துங்க" என்றார்.

"எனக்கு எதுக்கு? நானா பேசண்டு?" என்று தையல்நாயகி பின்வாங்கினாள். சிஸ்டர் விடவில்லை. ஏறும்போது தையல்நாயகி பழக்கத்தில் மேஜைமேல் இருந்த உலக்கையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "அதைக் கீழ வைங்கம்மா" என்றாள் சிஸ்டர். அவள் கண்ணீரோடு சிரித்துக்கொண்டே வைத்தாள். எண் ஓடி ஐம்பது இருநூறில் நின்றது. கண் பழுதில்லை, இருநூறு கிராம்தான் பிசகு. "பாத்தியா. இன்னும் இருநூறு கிராம் கொறைஞ்சா உனக்கும் குழாய்தான்" என்றார். இத்தனை நீளமாகப் பேசி இரண்டு வாரம் ஆகியிருந்தது, பேசிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வலி இறங்குகிறவரை நின்றார். அவள் மேடையைவிட்டு இறங்காமல் அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் நான்கு நிமிடம் திட்டினார், அரை நிமிடம் சிரித்தார், மூன்று மணிக்குக் குழாய் என்று எழுதினார், நாளைக்குப் புது முகமூடி. வெளியே வந்து தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. அகோரமூர்த்தி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், வளையல் இரண்டும் சரிந்து அவர் விரல்மேல் விழுந்தன. போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். அவளுடைய இன்னொரு கையில் உலக்கை, துண்டு இல்லாமல், அம்மணமாக.

"ராத்திரிக்குக் கருவாட்டுக் குழம்பு வை" என்றார்.

அவள் புரியாமல் பார்த்தாள். "யாருக்கு?"

"உனக்கு. மல்லி, மொளகாய் வறுத்து இடிச்சு. ஜாடியைத் தொற."

"உங்களுக்கு அந்த நெடி ஆகாதேங்க. மறுபடி வாந்தி எடுத்தா என்ன பண்றது?" என்றாள்.

"நான் வாசல்ல காத்தாட உக்காந்துக்கறேன். வறுத்து முடிச்சதும் கூப்பிடு, உள்ள வந்து படுத்துக்கறேன்" என்றார். தொண்டை எரிந்தது, நிறுத்திக்கொண்டார். ஒரு வாய் எச்சிலைச் சேர்த்து, கழுத்தை நீட்டி, இப்போது, இப்போது என்று விழுங்கிவிட்டு, மிச்சத்தைச் சொன்னார்.

"நீ இடி. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."